பூட் மாற்றிப் போட்ட ஆட்டம் போதும்: கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஒரு வேண்டுகோள்

குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளிநாட்டில் தொழில் செய்யும் நம் பிள்ளைகளுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் யாரிடமும் கை நீட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. இப்போது போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன, கணவாய் மீனும் கிடைக்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்த வேண்டுகோள் ஆகஸ்டில் வருகிறது.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அணி காலிறுதியில் தோற்றது எல்லோருக்கும் தெரியும். எப்படித் தோற்றோம் என்பது திருநெல்வேலிக்கு வந்து பார்த்த சிலருக்குத்தான் தெரியும். இரண்டாம் பாதியில் ஒரு பையனை மாற்ற வேண்டியிருந்தது. வெளியே வந்தவன் கோட்டோரம் உட்கார்ந்து பூட்டையும், முன்னங்காலில் கட்டும் காப்பான ஷின்கார்டையும் கழற்றினான். உள்ளே போக வேண்டியவன் அதே பூட்டுக்குள் காகிதத்தைத் திணித்து மாட்டினான். ஒருவனுக்கு ஒன்பதாம் நம்பர், மற்றவனுக்கு எட்டு. ஈரத்தில் லேஸ் முடிச்சு இறுகிப்போய் அவிழ மறுத்தது. உள்ளே நம் ஆட்கள் பத்துப் பேர். அந்த இடைவெளியில்தான் கோல் விழுந்தது. நடுவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டும் ஷின்கார்டும் இல்லாதவனை உள்ளே விட விதி இடம் கொடுக்காது.

நம் பையன்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். மணலில் பந்து எழும்பாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதைக் காலால் அள்ளி எடுக்கும் பழக்கம் இவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துப் போட்டி வரை போனார். ஆனால் மழை பெய்த புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், திரும்பும்போது கால் நிற்காது. அதற்கு அடியில் ஸ்டட், அதாவது பிடிமானக் குமிழ்கள், வைத்த பூட் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதமாவது ஓடிப் பழக வேண்டும். ஆட்டத்தன்று காலையில் இரவல் வாங்கி மாட்டினால் கொப்புளம்தான் மிச்சம்.

சரி, செலவுக்கு வருவோம். அணியில் 20 பேர். பூட், ஜோடி 1,500 ரூபாய் வீதம் 30,000. ஷின்கார்டுக்கு 6,000, ஆறு பந்துக்கு 7,200, கோல்கீப்பர் கையுறை இரண்டு ஜோடிக்கு 1,800. மூன்று பயணத்துக்கு வேன் வாடகை 27,000, சாப்பாட்டுக்கு 20,000. ஆக மொத்தம் 92,000 ரூபாய். ஜெர்சியையும் நுழைவுக் கட்டணத்தையும் கல்லூரி பார்த்துக்கொள்கிறது. குழுவில் இருப்பவர்கள் போட்டது 31,000. மீதி 61,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

பஸ்ஸில் போனால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சென்ற ஆண்டு அப்படித்தான் போனோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, நாகர்கோவில் வடசேரியில் பஸ் மாறி, திருநெல்வேலி வரை பாதிப் பேர் நின்றுகொண்டே போய், இறங்கியதும் ஆடினார்கள். முதல் பாதி தாக்குப்பிடித்ததே பெரிது.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. ஒரு பயணத்தின் சாப்பாட்டை ஒரு போட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளலாம். வேன் வைத்திருப்பவர் டீசல் காசுக்கு ஓட்டித் தரலாம். பழைய பூட் மட்டும் வேண்டாம். சென்ற ஆண்டு அன்போடு ஒரு சாக்கு நிறைய வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு ஜோடியே இல்லை, ஏழு இடது கால் மட்டும் தனியாகக் கிடந்தது.

நூறு ரூபாய் தந்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். ஜிபேயில் அனுப்புகிறவர்கள் குழுவின் பொருளாளர் எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் படிப்பகப் பலகையில் ஒட்டப்படும். பணம் மிஞ்சினால் அடுத்த ஆண்டுப் பந்துக்குப் போகும், விருந்துக்குப் போகாது.

ஆகஸ்ட் 31-க்குள் கிடைத்தால் செப்டம்பர் முதல் வாரமே பூட் வாங்கிவிடலாம். கால் அளவெல்லாம் எடுத்தாயிற்று. பெரும்பாலும் எட்டும் ஒன்பதும்தான். நம் கோல்கீப்பருக்கு மட்டும் பன்னிரண்டு. அது கடையில் சட்டென்று கிடைக்காதாம், முன்பணம் கட்டிச் சொல்லி வைக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
கல்லூரிக் கால்பந்து அணி உதவிக் குழு