இம்ப்ரோவ் குவில்ட் பட்டறை: பாடமும் கருவிகளும் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பட்டறையை மீண்டும் நடத்தித் தரக் கோருதல்

வணக்கம்.

உங்கள் இரண்டு நாள் இம்ப்ரோவ் குவில்ட் பட்டறையில் சேர்ந்த ஆறு பேரும் சேர்ந்து எழுதுகிறோம். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் போர்வையை அளவெடுத்துத் தைப்பது எங்களுக்குப் பழக்கம். ஸ்கேல் வைக்காமல் வெட்டி, தைத்த துண்டைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிப்பதுதான் இம்ப்ரோவ்; அதைப் பழகத்தான் வந்தோம்.

கொடுத்த பையில் 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிய துணிகளும், எண் போட்ட படத்தாளும் இருந்தன. இதை வைத்து இம்ப்ரோவ் செய்ய முடியாது. வளைவு வெட்ட, இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி ஒன்றரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். ஏற்றிய ஒன்றரை அங்குலமும், தையலுக்கு இருபுறமும் கால் கால் அங்குலமும் போனால், இரு சதுரங்களின் 10 அங்குலம் 8 ஆகிவிடும். அதை மறுபடி வெட்டி இணைக்க இடம் எங்கே? ஏழெட்டு நிறங்களில் அரை மீட்டர் துணியும், வெட்டு மிச்சமும் கொடுத்திருக்க வேண்டும்.

வளைவைத் தைத்தபின் முனைகள் கொஞ்சம் ஏறியிறங்கித்தான் நிற்கும். தையல் கோடு வெட்டிய கோட்டிலிருந்து கால் அங்குலம் உள்ளே போவதுதான் காரணம். கடைசியில் ஓரத்தைச் சீவினால் போதும். பயிற்றுநர் அதைப் பிழையென்று சொல்லித் தையலைப் பிரிக்க வைத்தார். பிரித்த ஓரங்கள் இழுபட்டுக் கெட்டன.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது துணி புடைத்துப்போனதுதான். கைபோக்கில் வெட்டினால் பல ஓரங்கள் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும். கிராஸ் ஓரம் இழுத்தால் நீளும். வெட்டுமுன் கஞ்சி தெளித்து இஸ்திரி போட வேண்டும்; தைத்தபின் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்த வேண்டும். இரண்டையும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு தையலையும் அழுத்தியபிறகே அடுத்த வெட்டு என்பதால், ஆறு பேருக்கு ஒரே இஸ்திரிப் பெட்டி என்றால் பாதி நேரம் வரிசையில் போகும், போனது.

புடைத்த துண்டு, பேட்டிங் என்ற பஞ்சு அடுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சரியாகிவிடும் என்கிறது உங்கள் கையேடு. ஆகாது. மிகுதித் துணி மடிந்து தையலில் மாட்டிக்கொள்ளும். புடைப்பின் குறுக்கே வெட்டி, மிகுதியை ஆப்பு வடிவில் எடுத்துவிட்டுத் தைத்தால்தான் தட்டையாகும்.

துணி வெட்டும் சக்கரக் கத்திகளான ரோட்டரி கட்டர்களின் பிளேடு மழுங்கி, ஓரிரு இழைகளை வெட்டாமல் விட்டது. அழுத்தி வெட்டியபோது வளைவு கோணியது. எல்லா இயந்திரங்களிலும் தையல் நீளம் 3 மில்லிமீட்டர். தைத்ததையே குறுக்கே வெட்டும் வேலைக்கு 2 மில்லிமீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் முனை பிரியும். துண்டுகளை ஒட்டவைத்து எட்ட நின்று பார்க்கச் சுவரில் ஒரு ஃபிளானல் துணிகூட இல்லை.

விளம்பரத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் குவில்ட்களைக் காட்டியிருந்தீர்கள். உழைத்துத் தேய்ந்த உடுப்புகளையும் வெட்டித் தைத்த பெண்களின் வேலையை, எண் போட்ட படத்தாளுக்கு முகப்பாக வைப்பது முறையல்ல.

இந்தக் குறைகளைத் தீர்த்து, இருவருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி, ஆளுக்கொரு புது பிளேடு, போதிய துணி ஆகியவற்றோடு கட்டணமின்றி ஒரு முழுநாள் மறுவகுப்பு நடத்துங்கள். முடியாதென்றால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறையில் பயின்ற ஆறு பேர்