நீச்சலுக்குப் பத்து ரூபாய்

பாம்பன்

அன்புள்ள சேதுவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று ஓயவில்லை. தெற்குக் கடல் கலங்கிக் கிடக்கிறது. குளிக்க வடக்குக் கரைதான்.

பேரன் கபடிப் பயிற்சிக்குத் தவறாமல் போனால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாமப்பா. நான் பட்டுவிட்டுச் சொல்கிறேன்.

என் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தால் கடலை விட்டு ஏற மாட்டான். கூப்பிட்டே தொண்டை வற்றிவிடும். போன வருடம், உடம்பு உறுதிப்படட்டுமே என்று, நங்கூரம் போட்ட வல்லம் வரை நீந்தித் திரும்பினால் தடவைக்குப் பத்து ரூபாய் என்றேன். பயல் கணக்கு நோட்டே போட்டுவிட்டான். இரண்டு வாரத்தில் என் ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாமல் நிறுத்தினேன். மறுநாள் அவன் திண்ணையை விட்டு எழவில்லை. "சும்மா எதற்குத் தாத்தா நீந்த வேண்டும்?" என்கிறான்.

1971-இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் இதையேதான் கண்டார். கட்டைகளைப் பொருத்தும் சோமா புதிரைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் இடையில் புதிருக்கு ஒரு டாலர் தந்தார். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. இன்னொரு சோதனையில் வாயாரப் பாராட்டு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. பிடிக்காத வேலைக்குக் காசு காட்டினால் பாதகமில்லை என்பேன். ஆனால் உன் பேரன் கபடி என்றால் சோற்றையே மறப்பவன் என்று நீதானே எழுதினாய்?

என் கதை தனி. சர்க்கரைக்காக நடக்கச் சொல்லி மருத்துவர் காட்டிய பயம் எட்டு நாள் தாங்கியது. இன்று விடியுமுன் நடக்கிறேன் என்றால், பக்கத்து வீட்டுப் படகுக்காரச் சம்மாட்டி வாசலில் வந்து நின்று இருமுவதால்தான். அந்த இருமலுக்கு ஈடாக எந்த மருந்துச்சீட்டும் இல்லை.

இந்த விடுமுறையில் காசுப் பேச்சே எடுக்கவில்லை. மூச்சடக்கி அடியில் போவது எப்படி என்று பேரனிடம் கேட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் மாணவனாக நின்றேன். நடிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும், "கண்ணாடியில் எச்சில் துப்பித் துடையுங்கள் தாத்தா, ஆவி படியாது" என்று அதட்டினான். பிறகு என்னை மறந்துவிட்டு வல்லத்தை நோக்கிப் போய்விட்டான்.

தங்கச்சிக்கு நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறேன். மதுரைக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
காதர்