மழை வராத வருஷத்துல ஜெபம் என்ன செஞ்சுச்சுன்னு கேட்டியே

கண்ணு,

நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன், அப்பாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல. அன்னைக்கு போன்ல நீ ஒண்ணு சொன்ன, "அம்மா, செடிய காப்பாத்துனது அந்த சொட்டுநீர் டியூப், இதுல ஜெபம் எங்க வந்துச்சு"ன்னு. எனக்கு டக்குனு பதில் வரல. கோவம்லாம் இல்லடா, நிஜமாவே வரல. மூணு நாளா வாளி தூக்குறப்பல்லாம் அதே நெனப்பு, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோ.

மழை வரல. அத மறைக்க நான் யாரு. வாராவாரம் உபவாச ஜெபம் இருந்தோம், முழங்கால்ல நின்னு அழுதோம், மேகம் கூடும் அப்புறம் கலைஞ்சு போயிடும், கிணத்துல தண்ணி மட்டும் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. நானே ஒரு ராத்திரி ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன், உனக்கு கண்ணு இல்லையான்னு கேட்டுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஐயா 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம் எடுத்தாரு. மூணு ராஜாக்கள் ஏழு நாள் சுத்தி நடந்து படைக்கும் கால்நடைக்கும் குடிக்க தண்ணியில்லாம நிக்கிறாங்க, எலிசா தீர்க்கதரிசி அவங்ககிட்ட சொன்னது, பள்ளத்தாக்கு பூரா வாய்க்கால் வெட்டுங்க, காத்தும் பாக்க மாட்டீங்க மழையும் பாக்க மாட்டீங்க ஆனாலும் தண்ணி வந்து நிரம்பும்னு. எத்தனையோ தடவ வாசிச்ச பகுதி தான், ஆனா மொதல்ல வெட்டணும்ங்கறது அன்னைக்கு தான் என் காதுல விழுந்துச்சு. மேகம் தெரிஞ்சா வெட்டலாம்னு அவரு சொல்லவே இல்ல பாரு. மறுநாள் காலையில ஆராதனைக்கு வந்த பாதிப்பேரு மண்வெட்டியோட சபை பின்னாடி இருக்குற நிலத்துக்கு வந்துட்டாங்க, யாரும் கூப்பிடல.

அங்க பாத்தி போட்டு, கிணத்துலருந்து தண்ணி எடுக்க கால்ல மிதிக்கிற பம்பு போடலாம்னு தான் மொதல்ல பேச்சு. 1980 வாக்குல பங்களாதேஷ்ல லூத்தரன் சபை நடத்துன கிராம சேவையில இருந்த குன்னர் பார்ன்ஸ்னு ஒரு நார்வே இன்ஜினியர் உருவாக்குனதாம், கரண்டும் வேணாம் டீசலும் வேணாம், லட்சக்கணக்கான சின்ன விவசாயிங்க அதுல பொழைச்சிருக்காங்க. ஆனா உறிஞ்சி இழுக்குற பம்புக்கு ஒரு எல்லை உண்டு, தண்ணி 7 மீட்டருக்கு கீழ போயிட்டா இழுக்க திணறும், நம்ம கிணறு அதத் தாண்டி எப்பவோ போயாச்சு. அதனால தான் வாளியில தண்ணி ஊத்தி டியூப் வழியா சொட்ட விடுற முறைக்கு வந்தோம். இதுக்கும் ஒரு விசுவாசி தான் பின்னால இருக்காரு, டிக் சாப்பின்னு அமெரிக்காவுல சொட்டுநீர் டியூப் கம்பெனி வச்சிருந்தவரு, 1970கள்ல செனகல் போயி பஞ்சத்த பாத்துட்டு வந்து ஏழை ஜனங்களுக்காக இந்த வாளி முறைய பரப்புனவரு.

ரொம்ப சிம்பிள்டா. 20 லிட்டர் வாளி ஒண்ண 1 மீட்டர் உயரத்துல கட்டு, அடியில ஓட்டை போட்டு ஃபில்டர் வை, அதுலருந்து 15 மீட்டர்ல ரெண்டு டியூப் பாத்தி மேல விடு, 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. கிட்டத்தட்ட 100 செடி. காலையில ஒரு வாளி சாயங்காலம் ஒரு வாளி, வெயில் கொளுத்துனா கூட ஒண்ணு. குடத்துல மொண்டு ஊத்துனா பாதி தண்ணி வேருக்கு போறதுக்குள்ள வெயில் குடிச்சிடும், இதுல சொட்டு விழுற எடத்துல உள்ளங்கை அகலத்துக்கு மண்ணு கறுத்து நிக்கும், சுத்தி பொடி மண்ணு அப்படியே காஞ்சு கெடக்கும், அதனால களையும் கம்மி.

ரெண்டாவது வாரமே நடுவுல நாலு செடி வாடி நின்னுச்சு. டியூப்ப தூக்கிப் பாத்தா துளையில வெள்ளையா உப்பு, உள்ள வண்டல். தண்ணி கொறைய கொறைய கிணத்துல உப்பு ஏறும், அது எனக்கு தெரியாது, ஃபில்டரையும் நான் கழுவாம விட்டுட்டேன். ஊசியால ஒவ்வொரு துளையா குத்தி எடுத்தேன். இப்ப வாரத்துக்கு ஒருதடவ டியூப் கடைசி முனைய அவுத்து விட்டு கலங்கல் போயி தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஓட விடுறோம். மேல காஞ்ச சருகு மூடாக்கும் போட்டாச்சு, ஜிம்பாப்வேல விசுவாசிங்க அதுக்கு தேவனோட போர்வைன்னு பேரு வச்சிருக்காங்களாம், எனக்கு அந்த பேரு ரொம்ப புடிச்சுப் போச்சு. கையில டியூப் இல்லாதவங்க சுடுமண் பானைய கழுத்து வரைக்கும் புதைச்சு தண்ணி ஊத்தி மூடி வச்சாங்க, மண்ணு காய காய அதுவே பானையிலருந்து இழுத்துக்கும், சீனாவுல 2000 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்ச முறை.

சரி, உன் கேள்விக்கு வரேன். டியூப் யாருக்கு வேணா தண்ணி சொட்டும்டா. ஆனா கிணத்துல ஊறுறது ஒரு நாளைக்கு இத்தனை வாளி தான்னு ஆனப்புறம் அத யாரு எடுக்குறதுன்னு ஒரு சண்டை வருமே, அங்க டியூப் என்ன பண்ணும்? வந்துச்சு சண்டை. ரெண்டு குடும்பம் கயித்த புடிச்சு இழுத்துச்சு, கை நீளுற வரைக்கும் போயிடுச்சு. அன்னைக்கு சாயங்காலம் எல்லாரையும் கிணத்தடியில உக்கார வச்சு ஆதியாகமம் 26 வாசிச்சாங்க. ஈசாக்கு தோண்டுன துரவுக்கு மேய்ப்பருங்க வாக்குவாதம் பண்றாங்க, அவரு விட்டுட்டு போயி வேற தோண்டுறாரு, அதுக்கும் சண்டை, மறுபடி விட்டுட்டு போறாரு, மூணாவதுக்கு யாரும் வரல, ரெகொபோத்துன்னு பேரு வைக்கிறாரு, ஆண்டவர் நமக்கு எடம் உண்டாக்கினாருன்னு. வாசிச்சு முடிச்சு ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்புறம் கயித்த மொதல்ல புடிச்சவரே எந்திரிச்சு, எங்க வீட்டு முறை கடைசியா இருக்கட்டும்னாரு. சபைக்கு வராத வீடுங்களுக்கும் அதே முறை தான், அதுல நான் ரொம்ப உறுதியா நின்னேன்.

தனியா இருக்குற அந்த வயசான அக்காவ உனக்கு ஞாபகம் இருக்கும், கை நடுக்கத்துல வாளி தூக்க முடியாது. அவங்க பாத்திக்கு எட்டு மாசமா வாலிபப் பசங்க மாத்தி மாத்தி ஊத்துறாங்க, ஒரு நாள் கூட தப்பல. நோட்டுப் போட்டு யாரும் கணக்கு வைக்கல, ஞாயித்துக்கிழமை ஜெபத்துல அவங்க பேர சொல்லி ஜெபிக்கிறோம், பேர சொன்னப்புறம் ஊத்தாம எப்படிடா இருக்க முடியும். இத தான் போன்ல சொல்ல நெனச்சேன், வாய்ல வரல.

மழைக்கு இப்பவும் ஜெபிக்கிறோம். மழைத்தண்ணி வந்தா ஓடிப் போகாம நிக்க மேட்டுப்பக்கம் குறுக்க வரப்பும் போட்டு வச்சாச்சு.

நீ லீவுக்கு வர்றப்ப வாளிக்கு போடுற ஃபில்டர் நாலு வாங்கிட்டு வா, சின்ன ஓட்டை உள்ள வலையா பாத்து. எனக்கு இப்ப சாயங்கால வாளி நேரம், அந்த அக்கா பாத்திக்கு இன்னைக்கு ஊத்த வேண்டிய பையனுக்கு காய்ச்சலாம், நான் தான் போறேன்.

அம்மா