பிரெஞ்சு கற்க பிரெஞ்சு சப்டைட்டில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சப்டைட்டில் போட்டு டிவி பார்த்தால் மொழி தானாக வந்துவிடும் என்று பெற்றோர் பலரும் நம்புகிறார்கள். முத்தியால்பேட்டையில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: சொற்கள் அப்படி வரும், இலக்கணம் வராது.

பிரெஞ்சில் 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டுமே காதுக்கு 'இல் பார்ல்'தான். பன்மையில் எழுவாயோடு 'எஸ்' என்ற ஓர் எழுத்தும் வினையின் கடைசியில் இரண்டு எழுத்தும் கூடும், மூன்றையும் உச்சரிப்பதில்லை. தமிழில் வினைமுற்றைக் கேட்டாலே ஒருவரா பலரா என்று தெரிந்துவிடும். அதற்குப் பழகிய நம் பிள்ளைகள் டிக்டேஷனில் பன்மையைக் கோட்டை விடுகிறார்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்துதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் அங்கே ஓடுவது பிரெஞ்சாகவே இருக்க வேண்டும். தமிழோ ஆங்கிலமோ ஓடினால் கதை புரியும், அவ்வளவுதான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டச்சு பேசும் பிள்ளைகளுக்கு அயல்மொழிப் படத்தை டச்சு சப்டைட்டிலோடு காட்டி 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகள் ஓரளவு சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். வாக்கிய அமைப்பு மனதில் ஏறவில்லை.

சரி, பிரெஞ்சிலேயே ஓடினால் போதுமா? போதாது. கண் கதையின் பின்னால் ஓடிவிடும், நிறுத்திக் காட்ட ஒருவர் வேண்டும். நான் இரண்டு நிமிடக் காட்சிக்கு மேல் போடுவதில்லை. முதலில் எழுத்தில்லாமல் கேட்டு எழுதச் சொல்வேன். அப்புறம் எழுத்தோடு ஓட்டி, அவரவர் நோட்டை அவரவரே திருத்த வேண்டும். போன வாரம் ஒரு பெண், "மிஸ், இங்க எஸ் போட்டிருக்கு, அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தா போறாங்க?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்து வாய்பாட்டை ஒப்பித்தபோதெல்லாம் அவளுக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

யூடியூப் தானாகப் போடும் சப்டைட்டிலை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அது ஓசையைக் கேட்டு எழுதுவது. ஓசையில்லாத இந்த ஈறுகளில் அதற்கும் தடுமாற்றம் உண்டு. ஆள் உட்கார்ந்து எழுதியதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லித்தரும் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு இருந்தால், வாரம் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். முழுப்படம் போட்டுவிட்டு ஆசிரியர் பேப்பர் திருத்தும் பீரியடாக அது ஆகிவிடக் கூடாது. ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பிரெஞ்சு ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி