நீள சஸ்பென்ஷன் சைக்கிளுக்கு மலை ஏறவும் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல வந்த மவுன்டன் சைக்கிள் கட்டுரையைப் படிச்சேன். தமிழ்ப் பேப்பர்ல இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினதே பெருசு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா 170 மி.மீ. சஸ்பென்ஷன் (மேடு பள்ளத்துல சக்கரம் அவ்ளோ தூரம் அமுங்கிக் குடுக்கும்) சைக்கிள் பத்தி எழுதின ஒரு பாரா மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. "இறக்கத்துக்கு மட்டும்தான் லாயக்கு, மேல ஏத்த லாரியோ லிஃப்டோ வேணும்"னு போட்டிருந்தீங்க. அதுக்குக் கீழ ஒரு டேபிள், அதுல விலை, எடை, கலர், சஸ்பென்ஷன் நீளம், அவ்ளோதான். நான் இருக்கறது கனடாவுல நார்த் வான்கூவர், ஃப்ரோம் மலைக்கு மிதிச்சே ஏறி அப்படியே ட்ரெயில்ல (காட்டுக்குள்ள போற ஒத்தையடிப் பாதை) இறங்கி வர்ற ஆளு, ஓட்டறதும் இந்த மாதிரி சைக்கிளத்தான், அதனால பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

லாரி கதை முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். 1976ல கலிஃபோர்னியா மரின் கவுன்ட்டில கொஞ்சம் பசங்க பழைய கனமான சைக்கிளையெல்லாம் பிக்கப் வண்டில ஏத்திட்டுப் போயி மலை மேலேந்து ரீபேக்னு ஒரு ரேஸ் விட்டாங்க, இந்த விளையாட்டு வளந்ததே அந்த மண் ரோட்டுலதான். பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கற பிரேக்கு, கீழ வந்து சேர்றதுக்குள்ள ஹப்ல (சக்கரத்தோட நடு உருளை) இருக்கற கிரீஸ் பூரா சூட்டுல புகையாப் போயிடும். இன்னிக்கும் 200 மி.மீ. டவுன்ஹில் சைக்கிள்னு தனியா ஒரு ரகம் இருக்கு, எங்க மாகாணத்துல இருக்கற விஸ்லர் பைக் பார்க்ல லிஃப்ட்ல தொங்கிட்டு மேல போறதுல அதுவும் நிறைய, உங்க வரி அதுக்குச் சரியாப் பொருந்தும். ஆனா 150லேந்து 180 வரைக்கும் வர்றது என்டியூரோ ரகம், அது வேற ஆளு. 2013ல ஆரம்பிச்ச என்டியூரோ வேர்ல்ட் சீரிஸ்ல (2023லேந்து அதுக்குப் பேரு என்டியூரோ வேர்ல்ட் கப்) இறக்கத்துக்கு மட்டும்தான் டைம் எடுப்பாங்க, ஆனா ஒரு ஸ்டேஜ் முடிச்சு அடுத்த ஸ்டேஜுக்குப் பெரும்பாலும் அவங்கவங்களே மிதிச்சு ஏறணும், குறிச்ச நேரத்துக்கு போய்ச் சேரலன்னா பெனால்டி. 2022ல அந்த சீரிஸை ஜெயிச்ச ஜெஸ்ஸி மெலமெட் எங்க விஸ்லர்க்காரர்தான். ஏற முடியாத சைக்கிளா இருந்தா அந்த ரேஸே நடக்காது.

சரி, ஏத்தத்துல கஷ்டமே இல்லையான்னா, இருக்கு. ஆனா அது சஸ்பென்ஷன் நீளத்துலேந்து வர்றது ரொம்பக் கம்மி. உங்க டேபிள்ல எடைக்கு ஒரு கட்டம் போட்டிருந்தீங்களே, அதையே எடுத்துக்குவோம். என்டியூரோ சைக்கிள் 16 கிலோ, நல்ல லேசான ட்ரெயில் சைக்கிள் 12 கிலோன்னு வைங்க, ஆளு 75 கிலோ. மொத்தம் 91க்கும் 87க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் 5 சதவீதம் கூட வராது. ஒரு மணி நேர ஏத்தத்துல மூணு நிமிஷம்கூட இல்ல. அதுக்காக யாராவது லாரி பிடிப்பாங்களா? கியரும் இப்ப தாராளம், முன்னாடி 32 பல்லு, பின்னாடி 52 பல்லு, 29 இன்ச் சக்கரம்னா பெடல் ஒரு முழுச் சுத்துக்கு சைக்கிள் 1.4 மீட்டர்தான் நகரும், நடக்கறதுக்கு ஒரு படி மேல, அவ்ளோ மெதுவா செங்குத்துல உருட்டிக்கிட்டே போகலாம்.

உண்மைல ஆளை அடிக்கறது டயரு. இங்க மழைக்காலத்துல ஈர வேர், ஈரப் பாறை எல்லாம் சோப்பு தடவின மாதிரி இருக்கும்னு ரொம்ப மெத்துன்னு இருக்கற ரப்பரும் தடிச்ச கேஸிங்கும் (ரப்பருக்கு அடியில இருக்கற டயர் உடம்பு) போட்ட 2.5 இன்ச் டயர் மாட்டுவோம், ஒண்ணே ஒரு கிலோவுக்கு மேல வரும். அது தார் ரோட்டுல தரையைப் பிடிச்சு இழுக்கறது காதுலயே கேக்கும். அதே சைக்கிள்ல பின் சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் கெட்டி ரப்பர், லேசான கேஸிங் போட்டுப் பாருங்க, வேற சைக்கிள் ஏறின மாதிரி இருக்கும். முன்னாடி மெத்து ரப்பரு அப்படியே இருக்கட்டும், திரும்பறப்ப உசுரு அதுலதான் இருக்கு.

அடுத்தது சீட்டு. இதைப் பத்தி உங்க கட்டுரைல ஒரு வார்த்தை இல்ல, எனக்குக் கோவமே அதுலதான். பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி வந்த நீள சஸ்பென்ஷன் சைக்கிள்ல சீட் ட்யூப் (சீட்டைத் தாங்கற குழாய்) 73, 74 டிகிரில சாஞ்சிருக்கும். ஏத்தத்துல உடம்பு எடை பின்னாடி போறதால பின் ஷாக் (பின் சக்கரத்து அதிர்வைத் தாங்கற காத்துக் குழாய்) இன்னும் அமுங்கும், அமுங்கினா சீட்டு இன்னும் பின்னாடி சாயும், கடைசில பெடல் எங்கயோ முன்னாடி இருக்கும் நீங்க பின் சக்கரத்து மேல உக்காந்து கால நீட்டி மிதிச்சுக்கிட்டு இருப்பீங்க, முன் சக்கரம் தரைல நிக்காம குதிரை மாதிரி எழும்பும். இது ஏறாதுன்னு வந்த பேரெல்லாம் அந்தக் காலத்துச் சரக்குனால வந்தது. இப்ப வர்றதுல 77, 78 டிகிரி. இடுப்பு நேரா பெடல் அச்சுக்கு மேல நிக்குது, முன் சக்கரம் கீழயே இருக்கு, 170 மி.மீ. இருந்தும் உக்காந்த வாக்குல ஏறிடலாம். பழைய சைக்கிள் வச்சிருக்கறவங்க காசே செலவு பண்ணாம சீட்டை அதுக்கு அடியில இருக்கற கம்பில ஒரு சென்டிமீட்டர் முன்னாடி தள்ளிட்டு ஒரு தடவை ஏறிப் பாக்கலாம்.

மூணாவது காத்து. பின் ஷாக் தண்டுல ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், பல பேரு அதை அழகுக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. ஹெல்மெட், ஷூ, தண்ணிப் பையி எல்லாம் மாட்டிக்கிட்டு சுவரைப் பிடிச்சு சீட்டுல உக்காரணும், குதிக்கக் கூடாது, வளையத்தை சீல் ஓரமா ஒட்டித் தள்ளிட்டு மெதுவா இறங்கணும். வளையம் எவ்ளோ தூரம் தள்ளிப் போயிருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாத்தா ஷாக் ஸ்ட்ரோக்ல (ஷாக் முழுசா அமுங்கற தூரம்) 28லேந்து 30 சதவீதம் வரணும், 65 மி.மீ. ஸ்ட்ரோக்னா கிட்டத்தட்ட 19 மி.மீ. அதுக்கு மேல போனா காத்து பத்தலன்னு அர்த்தம், சைக்கிள் தொட்டில் மாதிரி ஆடும், பெடல் போயி கல்லுல இடிக்கும், அப்புறம் "இந்த சைக்கிள் ஏறவே மாட்டேங்குது"ன்னு புலம்பல் ஆரம்பிக்கும். ஷாக் பம்ப் ஒண்ணு வாங்கறதுக்கு ஆகற செலவு ஒரு டயர் விலையவிடக் கம்மி.

ஷாக்ல ஒரு லீவரும் இருக்கும், தட்டினா இறுகிக்கும். மவுன்டன் ஹைவேன்னு இங்க ஃப்ரோம்ல ஒரு கிராவல் ரோடு வளைஞ்சு வளைஞ்சு மேல போகுது, அதுல ஏறறப்ப லீவரைத் தட்டி இறுக்கிட்டு ஒரே தாளத்துல மிதிச்சா போதும். ஆனா வேரும் கல்லுமா இருக்கற ஒத்தையடிப் பாதை ஏத்தத்துல லீவரைத் திறந்தே விட்டுடணும். பின் சக்கரம் வேர் மேல ஏறி இறங்கி தரையை விடாம தடவிக்கிட்டே வரும், பிடிமானம் போகாது, சஸ்பென்ஷன் கம்மியா இருக்கற சைக்கிள் அதே இடத்துல தட்டித் தட்டி வழுக்கிட்டு நிக்கும். அப்ப மட்டும் 120 மி.மீ. வச்சிருக்கற லேசு சைக்கிள்காரங்க இறங்கித் தள்ளறதைப் பாத்தா மனசுக்குள்ள ஒரு சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது. திரும்ப கிராவல் ரோடு வந்ததும் அவங்க நம்மளைத் தாண்டிப் போயிடுவாங்க, அது வேற விஷயம். முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ரெண்டு கால்) 64, 63 டிகிரின்னு நல்லா சாஞ்சிருக்கறதால மெதுவா ஏறறப்ப ஹேண்டில்பார் அங்கயும் இங்கயும் அலையும், குறுகின திருப்பத்துல நெஞ்சைக் கீழ இறக்கி முழங்கையை மடக்கினாத்தான் அடங்கும், இதுல சாக்கு சொல்ல ஒண்ணும் இல்ல, இந்த ரகத்தோட உண்மையான குறை இதுதான்.

இறக்கத்தைப் பத்தி நீங்களே நிறைய எழுதிட்டீங்க, ரெண்டு விஷயம் மட்டும் சேத்துக்கறேன். செவன்த் சீக்ரெட்னு ஒரு ட்ரெயில், வேரும் பாறையுமா படி படியா விழும். பழைய சைக்கிள்ல ஒவ்வொரு படியையும் பாத்துப் பாத்து இறங்கணும், இதுல சீட்டை பட்டனத் தட்டிக் கீழ இறக்கிட்டு, குதிகாலை அமுக்கி, கண்ணை அடுத்த திருப்பத்துல வச்சா நடுவுல இருக்கறதை ஃபோர்க்கும் ஷாக்கும் பாத்துக்கும். அதே சைக்கிளை பாப்ஸ்லெட்னு இங்க ஒரு ட்ரெயில் இருக்கு, அது மாதிரி வழவழன்னு இருக்கற சுலபமான ட்ரெயிலுக்கு எடுத்துட்டுப் போங்க, தூக்கம் வரும். சாதாரண இடத்துல உயிர் வரணும்னா நீங்க ரொம்ப வேகமாப் போகணும், வேகமாப் போனா எதிர்ல நாயைக் கூட்டிட்டு நடந்து வர்ற அம்மாவுக்கு ஆபத்து, ஏன்னா இங்க நிறைய பாதை நடக்கறவங்களுக்கும் சேத்துத்தான். பின் சக்கரத்தை லாக் பண்ணி இழுத்துக்கிட்டு வர்ற பழக்கமும் இந்த சைக்கிள் வாங்கினவுடனே நிறைய பேருக்கு வந்துடுது, வழி பூரா பள்ளமாகிடும், அதை மழைல நின்னு மண்ணு சுமந்து சரி பண்றவங்க எல்லாம் வாலன்டியருங்க.

ரெண்டாவது, பிரேக்கு. நீள இறக்கத்துல தொடர்ந்து லேசாப் பிடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் கொதிக்கும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடற அளவுக்கு வந்துடும். நல்லா பிடிச்சு, முழுசா விட்டு, திரும்பப் பிடிக்கணும். 200, 220 மி.மீ. டிஸ்க், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கற நாலு பிஸ்டன் காலிபர்னு இந்த சைக்கிள்ல போடறது படம் காட்டறதுக்கு இல்ல. நவம்பர் மழைல மெத்து பிரேக் பேட் போட்டுட்டுப் போனா நீள ரைடு ஒண்ணுலயே தேஞ்சு இரும்பு தெரிஞ்சாலும் தெரியும், உலோகத்தூள் கலந்த பேடுதான் தாக்குப்பிடிக்கும், சத்தம் போடும், போட்டுட்டுப் போகட்டும்.

வாங்கறதுக்கு முன்னாடி யாரும் சொல்லாத செலவு ஒண்ணு இருக்கு. ஃபோர்க்கோட கீழ்க் கால் ரெண்டையும் கழட்டித் துடைச்சு எண்ணெய் மாத்தறது 50 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ராக்‌ஷாக்ஸ் கம்பெனியே சொல்லுது, முழு சர்வீஸ் 200 மணி நேரத்துக்கு. வாரக் கடைசி ரெண்டு நாளும் ஓட்டற ஆளுக்கு 50 மணி நேரம்ங்கறது சில மாசத்துல வந்துடும். பின்னாடி இருக்கற இணைப்புல எல்லாம் பேரிங், அதுல பிரஷர் வாஷர் அடிச்சா தண்ணி உள்ள போயி கீச் கீச்சுன்னு ஆரம்பிக்கும், வாளித் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். இதையெல்லாம் கைல பண்ணிக்கத் தெரிஞ்சா செலவு பாதி, தெரியாதுன்னா கடை, கடையில கோடைக்காலத்துல கொடுத்தா எப்ப திரும்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது.

இதையெல்லாம் படிச்சுட்டு ஊர்ல யாராவது கடன் வாங்கி இதை வாங்கினா அந்தப் பாவம் எனக்கு வேணாம். உங்க கட்டுரைல கொல்லிமலை ஏறறதுக்கு எந்த சைக்கிள்னு ஒரு கேள்வியும் இருந்துச்சு. அந்த 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு சார். அதுல 170 மி.மீ. சஸ்பென்ஷனுக்கு வேலையே இல்ல, டயர்தான் மூச்சு வாங்க வைக்கும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் டீ எஸ்டேட் மண் ரோட்டுல சுத்தறவங்களுக்கும் 120, 130 போதும், பின் சஸ்பென்ஷனே இல்லாம முன் ஃபோர்க் மட்டும் இருக்கற நல்ல சைக்கிள் இன்னும் மேல், கெட்டுப் போறதுக்கு அதுல பாதி சாமானே கிடையாது. முழங்கால் உயரப் பாறைலேந்து வாரா வாரம் இறங்கற இடம் பக்கத்துலயே இருந்து, அங்க மிதிச்சு ஏறவும் ரெடியா இருந்தா மட்டும் இந்த ரகத்தைப் பாக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்த டேபிள் போடறப்ப சஸ்பென்ஷன் நீளத்துக்குப் பக்கத்துல சீட் ட்யூப் கோணம், பின் டயர் எடை, சர்வீஸ் இடைவெளி மூணையும் சேத்துப் போடுங்க. இடம் பத்தலன்னா கலர் எதுன்னு போட்டிருந்தீங்களே, அந்தக் கட்டத்தை எடுத்துடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நார்த் வான்கூவர், கனடா