அப்பச்சிக்கு: வீட்டுக் குழாயை இந்தத் தடவை மொத்தமாக மாற்றிவிடுங்கள்

உ
சிவமயம்

சிகாகோ

அன்புள்ள அப்பச்சி, ஆத்தாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். அங்கே நீங்கள் இருவரும் அப்பத்தாவும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளைகள் படிப்பு நன்றாகப் போகிறது. ஆத்தா கொடுத்துவிட்ட மாவடுவும் சீப்புச் சீடையும் வந்து சேர்ந்தன. சீடை அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

ஆத்தா போனில் சொன்னதிலிருந்து மனசு காரைக்குடியிலேயே இருக்கிறது. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும் குழாயைத் திறந்தால் முதலில் துருத் தண்ணீர்தான் வருகிறதாம். குளிக்கிற அறைக்கு வெளிச்சுவரில் கை வைத்தால் ஈரம், பூச்சு பொரிந்து உதிர்கிறது என்றார்கள். நீங்களோ, "கிளாம்ப் போட்டு இறுக்கியாச்சு, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்கிறீர்களாம். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாக முழுவதும் படியுங்கள் அப்பச்சி.

நாங்கள் வாங்கிய வீடும் பழசுதான். 1920-களில் கட்டிய செங்கல் வீடு. நம் வீட்டு முகப்பும் முற்றத்தைச் சுற்றிய வளவும் சேர்ந்த அளவில் பாதிகூட வராது. ஆனால் அடியில் ஒரு பேஸ்மென்ட் இருக்கிறது. தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் அதன் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வந்த இடத்திலேயே பெரிய வால்வு, அப்புறம் மீட்டர். வீடு வாங்கியதும் பக்கத்து வீட்டு அம்மா, போலந்திலிருந்து சின்ன வயதில் வந்தவர், எங்களை அங்கே அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: இந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஜனவரியில் சில ராத்திரிகள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். மூடிய குழாய்க்குள் அதற்கு இடம் ஏது? இரும்பானாலும் செம்பானாலும் வெடித்துவிடும். அதனால் கடுங்குளிர் ராத்திரிகளில் குழாயை நூல் போல ஒழுகவிடுகிறோம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறோம், அறையின் சூடு குழாய்க்கும் போகட்டும் என்று. ஆத்தாவுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே தண்ணீரை ஒழுகவிட்டால் எனக்கு எத்தனை திட்டு விழுந்திருக்கும்!

வீட்டுக்குள் ஓடிய குழாயெல்லாம் நம் வீட்டில் இருப்பதைப் போலவே துத்தநாகம் பூசிய இரும்பு, அதாவது ஜி.ஐ. பைப். மாடியில் ஒருவர் குளித்தால் கீழே அடுப்படியில் தண்ணீர் நூலாகிவிடும். பிளம்பர் ஒரு துண்டை அறுத்து எடுத்து என் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், தேய்க்காமல் விட்ட பணியாரக் குழியில் பிடித்த கசடு போலத் துருவும் சுண்ணாம்பு உப்பும் அடுக்கடுக்காக ஏறி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம். முக்கால் அங்குலக் குழாய் அது! துத்தநாகப் பூச்சு கரைந்து போனபின் இரும்பு உள்ளிருந்தே தின்னப்படுகிறது. மரை வெட்டிய இடத்தில்தான் குழாயின் கனம் குறைவு, அதனால் முதலில் அங்கேதான் ஓட்டை விழும் என்றார். நம் வீட்டில் நீங்கள் கிளாம்ப் போட்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் குழாய் வளையும் எல்போ பக்கமும், மூன்றாகப் பிரியும் டீ இணைப்புப் பக்கமும்தானே?

உள்ளே முழுவதும் செம்புக் குழாய் போட்டுக்கொடுத்தார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய் முனையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்க்கிறார்கள், பசை தடவி இணைப்புக்குள் சொருகுகிறார்கள், நெருப்பைக் காட்டுகிறார்கள். சூடு ஏறியதும் பற்றுக்கம்பியை விளிம்பில் தொட்டால் போதும், உருகி, இடுக்குக்குள் தானாகவே சுற்றி ஓடி வளையமாக நிற்கிறது. ஈரத்துணியால் ஒரு துடை. அவ்வளவுதான். நம் ஊர் ஆசாரிகள் பார்த்தால் மெச்சுவார்கள்.

வெளியே, தெருவிலிருந்து வீடு வரை வரும் குழாய்தான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. அது ஈயக் குழாய். ஆத்தா ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம், விஷம். ஈயம் வளைந்து கொடுக்கும், மண் அசைந்தாலும் லேசில் உடையாது என்பதால் வீட்டுக்கு வரும் சிறு குழாய் ஈயத்தில்தான் இருக்க வேண்டும் என்று இந்த ஊரில் விதியே இருந்தது. 1986-இல் நாட்டுச் சட்டம் தடுக்கும் வரை அப்படித்தான். இன்றும் ஏறக்குறைய 4 லட்சம் ஈயக் குழாய்கள் இந்த ஒரு ஊரில் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. தண்ணீரில் ஈயம் கலந்தால் நிறம் தெரியாது, ருசி தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் அளவே கிடையாது.

கண்டுபிடிப்பது சுலபம். காசால் குழாயைச் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளிபோல மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்புக் காசு நிறம் தெரிந்தால் செம்பு. உங்கள் மாப்பிள்ளை சுரண்டியதும் மின்னியது. அன்று ராத்திரி நான் பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயை மாற்றும் வரை ஈயத்தை வடிகட்டும் சான்று பெற்ற வடிகட்டி மாட்டித்தான் சமையலுக்கும் குடிக்கவும் எடுத்தோம். இந்த மாநிலத்தில் பாதிக் குழாயை மட்டும் மாற்றுவதற்கு இப்போது அனுமதி இல்லை. அது ரொம்பச் சரியான சட்டம். பாதியை வெட்டிப் புதுசை ஒட்டினால், வெட்டிய அதிர்ச்சியில் மிச்சம் இருக்கும் பழைய குழாய் முன்பைவிட அதிகமாக ஈயத்தை உதிர்க்கும். தெருவில் ஒரு குழி, வீட்டுக்குள் ஒரு குழி, நடுவில் மண்ணைத் துளைத்து ஒரே நீளமாகச் செம்புக் குழாயை இழுத்துவிட்டார்கள். முற்றத்துப் புல்கூடக் கலையவில்லை. பிறகு எல்லாக் குழாய் வாயிலும் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீரை ஓடவிட்டோம். சல்லடையில் கறுப்புத் தூளாக வந்து சிக்கியதை மகள் எடுத்துக் காட்டினாள். வடிகட்டியை மேலும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்திருந்தோம்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன் அப்பச்சி.

ஒட்டுப் போடுவதை நிறுத்துங்கள். ஐயா மேல்தொட்டி கட்டியபோது போட்ட ஜி.ஐ. லைன் அது. நல்ல தண்ணீரிலேயே 40, 50 வருஷம்தான் அதற்கு ஆயுசு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புக்கு அதுவும் இல்லை. ஒரு மரையை ரெஞ்ச் போட்டு இறுக்கும்போது பக்கத்து மரை விரிசல் விடும். மாதா மாதம் பிளம்பர் வருகிறார் என்றால் காரணம் அதுதான். அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

சுவரைக் கொத்த விடவே விடாதீர்கள். இதுதான் நான் கெஞ்சிக் கேட்பது. வளவுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு. அதில் காடி வெட்டிக் குழாயைப் புதைத்து சிமென்ட் வைத்து மூடினால், சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் வழி அங்கே அடைபடும். ஈரம் சிமென்ட்டைச் சுற்றி வெளியேறி, விளிம்பெல்லாம் உப்புப் பூத்து, நல்ல பூச்சையும் உரித்துவிடும். அந்த ஈரத்துக்குக் கரையான் வந்தால் அப்புறம் பர்மாத் தேக்கு நிலையும் தப்பாது. பழைய குழாய் சுவருக்குள்ளேயே செத்துக் கிடக்கட்டும், தண்ணீரை மட்டும் நிறுத்தி இரண்டு முனையிலும் அடைப்பான் போட்டுவிடுங்கள். புது லைன் தொட்டியிலிருந்து பின்பக்கமாக இறங்கி, அடுப்படிக்கு வெளியே கிணற்றடி வழியாக, சுவரை ஒட்டி வெளியே தெரிகிற மாதிரி கிளாம்பில் ஓடட்டும். பார்க்க அழகில்லை என்று பெரியப்பச்சி சொல்வார்கள். கைக்கு எட்டுகிற குழாயில் கசிவு வந்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம் என்று சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் குழாயில், பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி., ஹீட்டர் பக்கம் சூடு தாங்கும் சி.பி.வி.சி. வாங்குங்கள். சி.பி.வி.சி.யில் ஐ.எஸ். 15778 என்ற தர எண் அச்சிட்டிருக்கும். பி.வி.சி. குழாயில் ஈயம் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லி நம் நாட்டிலும் 2021-இல் விதி வந்துவிட்டது. அதனால் ஈயம் சேராதது என்று அச்சிட்டதாகப் பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எடுங்கள். கடைக்காரர் பழைய ஸ்டாக்கை விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் குழாய் நாளாக நாளாக மொறுமொறுத்து உடையும், அங்கே மட்டும் பெயின்ட் அடித்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒவ்வொரு பங்காளியின் பங்குக்கும் தனித்தனி வால்வு வைக்க வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற அறைகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அந்தப் பகுதியை மூடி வைத்துவிட்டு, பங்காளிக் குடும்பத்துப் புள்ளிகள் வருவதற்கு முதல்நாள் திறந்து நன்றாக ஓடவிட்டால் போதும். ஒரு பங்கில் கசிந்தால் மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியதும் இல்லை. செலவை எப்படிப் பிரிப்பது என்பதிலும் பேச்சு வளராது.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பழைய வீடுகள் பலவற்றில் கரன்ட்டுக்கு எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்து குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றினால் எர்த் அறுந்துபோகும், எங்காவது கரன்ட் கசிந்தால் மோட்டார் சுவிட்சைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். குழாயைக் கழற்றும் முன்பே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, தனியாக எர்த் குழி போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் எல்லா வாயையும் மூடி, அழுத்தம் கொடுத்து ஒரு ராத்திரி விட்டு, இணைப்புகளைக் கையால் தடவிப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.

ஓட்டுச் சரிவிலிருந்து வளவு முற்றத்துக்கு மழைத்தண்ணீரை இறக்கும் தகரத் தூம்பில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். குழாயே இல்லாத காலத்தில் மழையைக் கூரையிலேயே பிடித்து அண்டாவிலும் கிணற்றிலும் சேர்த்த வீடு அது. நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியை நான் இங்கே எந்த வடிகட்டியிலும் காணவில்லை. இந்த ஊர் குடிப்பது மிச்சிகன் ஏரித் தண்ணீர். கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஏரிக்குள்ளேயே கட்டிய நிலையங்கள் வழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். சுத்தமான தண்ணீர்தான். அத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த தண்ணீர் கடைசிச் சில அடிகளில், மண்ணுக்கடியில் இருக்கும் பழைய குழாயில் கெடுகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கேயும் அப்படி நடக்க வேண்டாம்.

பணத்துக்கு யோசிக்காதீர்கள். எங்கள் பங்கோடு சேர்த்து, முதலில் பொருள் வாங்க வேண்டியதை மாப்பிள்ளை இந்த வாரம் வங்கியில் போட்டுவிடுவார்கள். பெரியப்பச்சியிடம் நானே பேசுகிறேன். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் சுற்றளவை நூல் போட்டு அளந்து, எல்லாக் குழாய் வாய்களையும் தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கார்த்திகை மழை தொடங்கும் முன் கொத்தனாரையும் பிளம்பரையும் ஒரே நாளில் வரச்சொல்லி முடிவு செய்யுங்கள்.

அப்பத்தாவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் ஐயாவையும் ஆயாவையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்