குழாயைத் திறக்காதே

அன்புள்ள கயல்,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

கிருமியின் மரபணுவைச் சூட்டில் நகலெடுத்துக் கண்டுபிடிக்கிற உன் லேம்ப் ரன்னில், கிருமியே போடாத நெகட்டிவ் கன்ட்ரோல் குழாயும், கிருமி இருந்தால் மட்டும் வரவேண்டிய மஞ்சளாகிவிட்டது என்றாயே, எத்தனையாவது நிமிடத்தில்? சூட்டில் வைக்கும் முன்பே மஞ்சள் என்றால் அது கிருமியல்ல. மூடாத குழாய் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துப் புளித்திருக்கும், புளித்தாலே மஞ்சளாகிற சாயம்தானே. 20 நிமிடத்தில் எல்லா கன்ட்ரோலும் மாறினால் எல்லாக் குழாய்க்கும் பொதுவாக ஊற்றுகிற மாஸ்டர் மிக்ஸோ தண்ணீரோ கெட்டிருக்கிறது, மொத்தத்தையும் கொட்டு. அங்கொன்று இங்கொன்று என்றால் பிப்பெட்டைப் பார், கையுறையைப் பார். 40 தாண்டி மாறினால் பெரும்பாலும் நகலைத் தொடங்கிவைக்கிற பிரைமர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ரன் முடிந்த குழாயைத் திறக்காதே. 65 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் நூறு கோடி நகலாகிற சரக்கு அது. மூடியின் உள்பக்கம் ஒட்டிய துளியில் ஒரு பொட்டு தெறித்தாலும் மாதக்கணக்கில் ஆட்டிவைக்கும். நகல்களைப் பிரித்துப் பார்க்க ஜெல் ஓட்டியே ஆகவேண்டுமென்றால் வேறு அறை, வேறு பிப்பெட், வேறு கோட்டு. அன்றைக்கு மாஸ்டர் மிக்ஸ் பக்கம் போகாதே. மேஜைக்குப் பத்தில் ஒரு பங்கு பிளீச், 10 நிமிடம். செல்லை உடைக்கிற, குவானிடின் உள்ள லைசிஸ் பஃபர் சிந்திய இடத்தில் மட்டும் பிளீச் வேண்டாம், விஷவாயு வரும்.

ஐந்தைந்து பேர் சாம்பிளைக் கலந்து டெஸ்ட் செய்து, பாசிட்டிவ் வந்தால் மட்டும் தனித்தனியாகப் பார்க்கும் உன் கணக்கை அப்பா தெருவெல்லாம் சொல்கிறார்: நூற்றுக்கு ஒருவருக்கு நோயென்றால் 1000 பேருக்குச் சுமார் 250 டெஸ்ட் போதும், நூற்றுக்கு 30 பேருக்கென்றால் 1000-க்கும் மேல் ஆகும் என்று. எனக்கும் பெருமைதான். ஆனால் ஐந்தில் ஒன்றாகக் கரைந்தால் கிருமி தெரிய எத்தனை சுற்று நகல் ஆகிறது என்கிற சி.டி. எண் இரண்டு சுற்றுக்கு மேல் கூடுமே, 37-ல் வருகிறவரை விட்டுவிடுவாயே, அதை எழுதினாயா? கன்ட்ரோல் கெட்ட சாம்பிள் பிளேட்டை எண்ணிக்கையில் சேர்த்துவிடாதே.

2020-ல் லேபில் நான் சேர்த்தேன். கன்ட்ரோல் 37-ல் எழுந்தது. அதே பிளேட்டில் 36-ல் மூன்று பேர். கிட் தீர்ந்துவிட்டது, காலைக்குள் ரிப்போர்ட் கேட்டார்கள். கன்ட்ரோலில் வந்தது வெறும் இரைச்சல் என்று கையெழுத்துப் போட்டேன். மூவரையும் ஆம்புலன்சில் ஏற்றினார்கள், ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அப்பாவிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

அந்தக் குழாய்களை எறிந்துவிடவில்லையே? மூடியோடு ஜிப் கவரில் போட்டு வை. எந்த நிமிடத்தில் மாறியது என்று ஒரு வரி எழுது, போதும். திறக்காதே கண்ணு.

அம்மா